மூளைக்கு அரசிதழ் வாசிக்கத் தெரியாது

பெங்களூர் நீலசந்திராவில் 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பற்றிப் பேச வந்த சொற்பொழிவாளர், மனித மூளைதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கும்பலாகச் சேர்ந்தால் மனிதன் மிருகமாகிவிடுவானாம். எதிரே நிற்பவன் அவன் கண்ணுக்கு மனிதனாகவே தெரியமாட்டானாம். ஆதிகாலத்து இயல்பூக்கமாம். அப்படியிருக்க யாரைப் போய்க் கேட்பது என்று கையை விரித்தார். முடிக்கும்போது சுருதியை மாற்றி, கன்னடர்களைச் சுட்டி, இந்தக் குணம் 'அவர்களுக்கு' கொஞ்சம் தூக்கல் என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

அந்த இயல்பூக்கம் விழித்த நேரத்தைப் பாருங்கள். 1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அதை முடக்கக் கர்நாடகத்தின் பங்காரப்பா அரசு ஜூலையில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் இரண்டாம் வாரம் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த சில நாட்களுக்குள் தமிழர் குடிசைகள் எரிந்தன. 15க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். ஆதிகாலத்து மிருகம் டெல்லி அரசிதழுக்குச் சந்தா கட்டி வைத்திருந்ததா? அதே தெருவில் எத்தனையோ வருடம் அக்கம்பக்கமாகக் குடியிருந்தபோது அந்த மூளை எங்கே போயிருந்தது?

சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல்லை வேறு துணைக்கு அழைத்தார். ஓவிய ரசனையைக் காரணம் காட்டிப் பிரித்து வைத்த பள்ளிச் சிறுவர்கள், முகம் தெரியாத தன் குழுவினருக்கே அதிகம் ஒதுக்கினார்கள் என்கிற 1970 ஆய்வு உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவர்களை இரண்டாகப் பிரித்தவர் டாஜ்ஃபெல். ஒதுக்கீட்டு அட்டவணையைக் கையில் கொடுத்தவரும் அவரே. சிறுவர்கள் செய்ததெல்லாம் கொஞ்சம் காசுக்கான புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் போட்டதுதான். எவனும் எவன் வீட்டுக்கும் தீ வைக்கவில்லை. புள்ளிக்கும் பெட்ரோலுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை யார் நடத்திக் கூட்டிப்போனார்கள் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் பேச்சாளர் தண்ணீர் குடித்தார்.

அவர் தொடாமல் விட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1975இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு முடிவெடுப்பதில் தவறினால் அதற்குத் தண்டனையாக மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி பொய்தான், கொடுப்பவருக்கு அது தெரியாது. தண்டனை பெறப்போகிறவர்களை உதவியாளர் ஒருவர் மிருகம் போன்றவர்கள் என்று சொல்வது, தற்செயலாகக் கேட்டதுபோல் அதிர்ச்சி கொடுப்பவர்கள் காதில் விழும்படி ஏற்பாடு. அதைக் கேட்டவர்கள் அதிர்ச்சியின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். நல்ல மனிதர்கள் என்று கேட்டவர்கள் குறைவாகவே கொடுத்தார்கள். அதே மூளைதான். மாறியது பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து வந்த பேச்சு. ருவாண்டாவில் துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று வானொலியில் ஓதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த ஊடகக்காரர்களைத் தண்டித்தது. கேட்டவன் மூளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அடித்தவனுக்கு எதிரே நிற்பவன் மனிதன் என்று தெரியவே தெரியாது என்பதே தவறு. 2016 செப்டம்பரை நினைத்துப்பாருங்கள். கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து எழுதினான் என்று பெங்களூரில் ஒரு தமிழ் மாணவனைப் பிடித்து அடித்து, மண்டிபோட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்தவரை நம்மாட்கள் அடித்தார்கள். இரண்டையும் படம்பிடித்துப் பரப்பினார்கள். கரப்பான்பூச்சியை யாராவது மன்னிப்புக் கேட்கச் சொல்வார்களா? மானம் உள்ளவனைத்தான் மானபங்கப்படுத்த முடியும். வலிக்கும், கூசும், வீட்டார் பார்த்துத் துடிப்பார்கள் என்று தெரிந்தே செய்த காரியம் அது. உளவியலாளர் தாகே ராயும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது: லாபத்துக்காக ஒருவரைத் துன்புறுத்தத்தான் அவரை மனிதத்தன்மை நீக்கிப் பார்ப்பது துணைபோகிறது, 'பாடம் புகட்ட' அடிக்கிறவனுக்கு அது தேவைப்படுவதில்லை. அவன் தன்னை நியாயவான் என்றே நம்புகிறான்.

அந்த செப்டம்பர் 12 அன்று பெங்களூர் மைசூர் சாலைப் பக்கம் தமிழர் நிறுவனமான கேபிஎன்னின் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. அதே நாள் விடியலில் சென்னை மயிலாப்பூரில் கன்னடர் நடத்தும் நியூ வுட்லண்ட்ஸ் ஓட்டல் மேல் பெட்ரோல் குண்டு விழுந்தது. முதலாளியைப் பார்த்து, பெயர்ப்பலகையைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும் மிருகத்தை நான் எங்கும் கண்டதில்லை.

'அவர்கள்' என்றாரே, அதற்கும் வருகிறேன். 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்த வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயிலேறினார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதையே மத்திய அரசு நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நம் வட்டாரத்தில் வாடகைக்கு இருந்த அவர்களைத் தெருவில் 'சிங்கி' என்று கூப்பிட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. தமிழர்களான நம்மைக் 'கொங்கா' என்று இழித்தால் மட்டும் சுடுகிறது. ஒரு இனத்துக்கே ஒரு குணத்தை ஒட்டிவிட்டு, அதை மனிதத்தன்மை நீக்கம் பற்றிய சொற்பொழிவில் செய்ய, தனித் துணிச்சல் வேண்டும்.

மிருகத்தின் மேல் பழியைப் போட்டால் யாருக்கு வசதி என்றும் யோசியுங்கள். தூண்டியவனுக்கு வசதி, வேடிக்கை பார்த்த காவலருக்கு வசதி, ஆட்சியில் இருந்தவருக்கு எல்லாரையும்விட வசதி. இயல்பூக்கத்தின் மேல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்க முடியாது. 1991இல் வீடிழந்தவர்களுக்கு நிவாரண ஆணையம் அமையவே 1999 ஆயிற்று. அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு.

ஐயா, அடுத்த முறை இங்கே பேச வந்தால் மூளையின் படத்தைக் கொண்டுவர வேண்டாம். அந்த டிசம்பரில் அரசிதழ் வெளியானதற்கும் முதல் குடிசை எரிந்ததற்கும் நடுவில் யார் எந்த மேடையில் என்ன பேசினார்கள், எந்தக் காவல் நிலையம் எத்தனை மணிக்கு ஆள் அனுப்பியது என்று தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கேட்கிறோம்.