வாங்கிய பெட்டிக்கு வாடகையா?

இது நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை, தேன், புளி வாங்கி விற்கும் ஒரு சிறிய உற்பத்தியாளர் குழு இருக்கிறது. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதியவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். போன வாரம் "சார், ஒரு கொட்டேஷன் வந்திருக்கு, வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியருக்கு ஊரில் இன்னும் இருக்கும் ஒரே பதவி இதுதான், காகிதம் படித்துச் சொல்வது.

கொட்டேஷன் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு. சுவரில் விளக்குப் போடும் சுவிட்ச் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் அலுவலகத்தில் உள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிள் போட்டு ஒன்றாக இணைக்கும் பெட்டி அது. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுத்து அனுப்புகிறார்கள். எந்த எண் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பெட்டி ஞாபகம் வைத்துக்கொண்டு, வரும் தகவலை உரிய இடத்துக்கு மட்டும் தள்ளிவிடும். தபால் பிரிக்கிறவர் வேலைதான். இதற்கு அமெரிக்காவிலிருந்து யாரும் தினமும் உத்தரவு போட வேண்டியதில்லை.

குழு அலுவலகத்தில் இருப்பவை: மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி ஒன்று, வைஃபை பெட்டி ஒன்று. மொத்தம் ஆறு. கொட்டேஷனில் இருந்தது 24 போர்ட் ஸ்விட்ச். அதன் விலை 86,000 ரூபாய். அடுத்த வரியில் "மூன்றாண்டு உரிமம்" 34,000. பொருத்துகூலி 6,000. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தேன், 1,48,680 ரூபாய். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

குழுவின் தலைவியம்மா அந்த இரண்டாவது வரியில் விரல் வைத்து, "வாங்கினப்புறம் இது எதுக்கு சார்? வாடகையா?" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர். பட்டம் வாங்கிய பலருக்குத் தோன்றாத கேள்வி அது.

கொட்டேஷன் கொண்டுவந்த தம்பி நல்ல பையன். அவனை நான் குறை சொல்லவில்லை. "மூன்று வருஷம் கழித்து இந்த உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் பெட்டி ஓடுமா, ஓடாதா?" என்று கேட்டேன். "ரினியூவல் பண்ணிடுவீங்க சார்" என்றான். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. காகிதத்திலும் பதில் இல்லை.

அன்று இரவு பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் போனில் ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். அதன்பின் நானும் தேடிப் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உரிமம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல் வகையில் உரிமக் கட்டணமே கிடையாது. பெட்டியை வாங்கினால் உங்களுடையது. இரண்டாவது வகைக்கு சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9000 வரிசை உதாரணம். 2017ல் வந்தது. வாங்கும்போதே மூன்று, ஐந்து அல்லது ஏழு ஆண்டுச் சந்தாவையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். சந்தா முடிந்தால் மேல்வசதிகள் போகும், அடிப்படை வேலை நடக்கும். மூன்றாவது வகைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2012ல் சிஸ்கோ 120 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மெராக்கியில், எல்லா உரிமமும் ஒரே தேதியில் முடிகிற முறை ஒன்று உண்டு. அதில் தேதி தாண்டினால் 30 நாள் கெடு. அதற்குள் கட்டாவிட்டால் பெட்டிகள் தகவலைக் கடத்துவதை நிறுத்திவிடும். பழுதே இல்லாத பெட்டி, கரண்டும் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. இது ரகசியம் ஒன்றுமில்லை, அவர்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு வந்த கொட்டேஷன் இதில் எந்த வகை, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மூன்றில் எது என்று அந்தக் காகிதத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் சண்டை அதோடுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. வீட்டுச் சாமையில் விதைக்கு எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைப்பார்கள். ஒட்டுரக மக்காச்சோளம் என்றால் வருஷா வருஷம் கடையில் விதை வாங்க வேண்டும். அந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒட்டுரகத்தில் விளைந்த சோளம் விவசாயியுடையது. விதைக்கடைக்காரன் வந்து போன வருஷத்துச் சோளத்தைக் குதிரிலிருந்து அள்ளிக்கொண்டு போவதில்லை. இந்த மூன்றாவது வகை அந்த வேலையைத்தான் செய்கிறது.

என் மாணவன் சும்மா விடவில்லை. "சார், நானூறு கிளை உள்ள வங்கியை யோசிச்சுப் பாருங்க. எல்லாக் கிளைப் பெட்டியையும் ஒரே இடத்திலிருந்து பாக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்குப் பழுதானா போன எடுக்க ஆள் வேணும், பாதுகாப்பு அப்டேட் வரணும். அதுக்குக் காசு கேக்கறதுல என்ன தப்பு?" என்றான். ஒப்புக்கொள்கிறேன். வங்கிக்கு அது தேவை, கட்டட்டும். எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு அறை. பெட்டி எரிகிறதா என்று நாற்காலியைத் திருப்பினால் தெரியும். அப்டேட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. சந்தா கட்டாதவனுக்கு அப்டேட் நிற்கட்டும், பெட்டி ஏன் நிற்க வேண்டும்? அதற்கு அவன் பேச்சை மாற்றி, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

கணக்குக்கு வருகிறேன். இந்தக் குழு எதற்கு இருக்கிறது? வெளி வியாபாரியை விடச் சாமைக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாயாவது கூடக் கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். 1,48,680 ரூபாயை இரண்டால் வகுங்கள். 74,340 கிலோ. எழுபத்து நான்கு டன் சாமைக்குத் தர வேண்டிய கூடுதல் விலையை, ஆறு கருவிகளை இணைக்கும் ஒரு பெட்டி தின்றுவிடும். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பசிக்கும்.

இதே வேலையைச் செய்யும் சாதாரண எட்டுப் போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் வேலூர்க் கடையில் இரண்டாயிரம் ரூபாய் சுற்றளவில் கிடைக்கிறது. கேமராவுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பி.ஓ.இ. வகை என்றால் விலை ஏறும். அது நியாயமான ஏற்றம், உள்ளே அதற்கான சாமான் இருக்கிறது. கொஞ்சம் பெரிய அலுவலகம், போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. யூபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்க்கின் ஒமாடா, எச்பிஇ-யின் இன்ஸ்டன்ட் ஆன் போன்றவற்றில் தனி உரிமம் வாங்காமலேயே ஸ்விட்சை நிர்வகிக்கலாம். எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை, தந்தாலும் இந்த வயதில் அதை வைத்து என்ன செய்யப் போகிறேன்.

வரி அதிகம், அதனால்தான் விலை அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. 2025 மத்திய பட்ஜெட்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய ரக ஈதர்நெட் ஸ்விட்சுக்கு இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்து, மற்ற ரகத்துக்குச் சமமாக்கினார்கள். நல்லது. ஆனால் அந்த வரி ஒருமுறை போவது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் உரிமத்தை எந்த பட்ஜெட் குறைக்கும்?

ஸ்விட்ச் மட்டுமல்ல, எல்லாமே இந்தப் பக்கம்தான் போகிறது. 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் போதும் என்ற உரிமத்தை விற்பதை நிறுத்தி, இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. பெரிய பெரிய கம்பெனிகளே கையைப் பிசைந்தன. சாமை விற்கும் குழு எந்த மூலைக்கு?

வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாக உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸில் ஓடுகின்றன. நம் எல்காட்டில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது லினக்ஸுக்கு மாறிக் காட்டினார். வாங்குகிறவர் கேள்வி கேட்டால் விற்கிறவர் வழிக்கு வருவார். நம் ஊரில் ஊராட்சி, பள்ளி, கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு எல்லாம் இப்போது இந்தப் பெட்டிகளை வாங்கத் தொடங்கிவிட்டன. டெண்டர் காகிதத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உரிமம் முடிந்தபின் பெட்டி தகவலைக் கடத்துமா, ஆம் அல்லது இல்லை. அப்புறம், ஏழு ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு. இந்த இரண்டையும் எழுதாத கொட்டேஷனைப் பிரிக்கவே கூடாது.

நாங்கள் அந்த இரண்டு கேள்வியையும் தமிழில் எழுதி, தலைவியம்மா கையெழுத்துப் போட்டு, கொட்டேஷனோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டோம். இன்றோடு ஆறு நாள், பதில் இல்லை. வியாழக்கிழமை தேன் டப்பா வாங்க வேலூர் போகிறவர் எட்டுப் போர்ட் பெட்டி ஒன்றும் வாங்கி வருவார். ரசீதைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.