அகதியிடமும் சாதி பார்த்த நாடு

குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிப் பேசப் போகிற கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: “பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் மதத்துக்காக அடிபடுகிற இந்துக்களில் நிறைய பேர் தலித்துகள்தானே தோழர்? அவர்களுக்கு இடம் கொடுக்கிற சட்டத்தை நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்?”

மேடையில் இருந்த ஒருவர், “இது சங்கிகள் கேட்கிற கேள்வி” என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிந்து மாகாணத்தில் நிலக்கிழார்களின் வயல்களில் கடனுக்காகக் கொத்தடிமைகளாகக் கிடக்கும் கோலி, பீல், மேக்வார் மக்கள் நம் மக்கள்தான். துப்புரவுப் பணிக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அங்கே அரசு அலுவலகங்களே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. அங்கே கொடுமையே இல்லை என்று சொல்லித்தான் இந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டும் என்றால், நாம் பொய் சொல்லித்தான் எதிர்க்க வேண்டும்.

ஜோகேந்திரநாத் மண்டல் என்ற பெயரை இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப் பாடுபட்ட நாமசூத்திரத் தலைவர் அவர். சாதி இந்துக்களின் ஆதிக்கத்தில் இருப்பதைவிட முஸ்லிம்களோடு சேர்ந்து நிற்பது மேல் என்று நம்பி, பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950இல் கிழக்கு வங்காளக் கலவரங்களில் தம் மக்கள் கொல்லப்பட்டதைப் பார்த்தபின், அந்த ஆண்டு அக்டோபரில் பதவி விலகிக் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். அவர்கள் கதையை இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மண்டலைப் போல எல்லை தாண்டி வந்த அவருடைய மக்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

பிரிவினையை ஒட்டி முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். படிப்பும் கல்கத்தாவில் உறவும் உள்ளவர்கள். நகரின் தெற்கே கிடைத்த நிலத்தில் கொட்டகை போட்டார்கள். பிஜய்கர், ஆசாத்கர் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பிற்பாடு அரசின் அங்கீகாரமும் வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடிழந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் உழவர்களும் மீனவர்களுமான நாமசூத்திரர்கள். வங்காளத்தில் இடமில்லை என்று சொல்லி அவர்களைத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். இன்றைய ஒடிசாவின் மல்கான்கிரி, சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம். ஆற்றங்கரைச் சேற்றில் நெல் விளைவித்தவர்களுக்குக் கல்லும் காடும். அதுவும் ஆதிவாசிகளின் காடு.

1977இல் மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. அகதிகளை வங்காளத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது போராடியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையில் 1978இல் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்து, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடியேறினார்கள். அரசிடம் காசு கேட்கவில்லை. கரை கட்டினார்கள், குழாய்க்கிணறு இறக்கினார்கள். சில மாதங்களிலேயே பள்ளிக்கூடம், மருந்தகம், ரொட்டி சுடும் கூடம், படகுப் பட்டறை எல்லாம் வந்துவிட்டன.

அது காப்புக்காடு என்றது அரசு. 1979 ஜனவரிக் கடைசியில் 144 தடை போட்டு, போலீஸ் படகுகள் தீவைச் சுற்றி வளைத்தன. அரிசியும் மருந்தும் உள்ளே போகாமல் மறிக்கப்பட்டன. 31ஆம் தேதி துப்பாக்கிச்சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி, மிஞ்சியவர்களை அள்ளிப்போட்டுப் பழையபடி அனுப்பினார்கள். அரசுக் கணக்கில் செத்தவர்கள் இரண்டு பேர். பிழைத்தவர்கள் சொல்வது நூற்றுக்கணக்கில். பசியிலும் நோயிலும் செத்தவர்களைச் சேர்த்தால் ஆயிரங்கள் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இடதுசாரித் தோழர்கள் நிறைந்த கல்லூரியில் படித்த நான், மரிச்ஜாப்பியை முதலில் அறிந்தது அமிதவ் கோஷின் ஒரு நாவலில்தான்.

அவர்களும் இந்துக்கள்தான். மதத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள்தான். தெற்குக் கல்கத்தாவில் ஆக்கிரமிப்பு காலனி ஆனது. மரிச்ஜாப்பியில் காலனி ஆக்கிரமிப்பு ஆனது. காலம் வேறு, ஆட்சி வேறு என்று தோழர்கள் சொல்வார்கள். சாதியை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடிந்தால் எனக்கும் சொல்லித் தாருங்கள்.

சரி, பாஜகவாவது அவர்களைக் காத்ததா? வாஜ்பாய் அரசு கொண்டுவந்த 2003ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் நாமசூத்திரர்களின் மதுவா சமூகத்தினர். 2024 மார்ச்சில் வந்த விதிகளோ, விட்டு ஓடிவந்த நாட்டின் ஆவணத்தைக் கேட்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்தவர் எதைக் காட்டுவார்?

ஆகவே அந்த மாணவரிடம் நான் சொன்னது: அவர்கள் உள்ளே வருவதை நான் எதிர்க்கவில்லை. வாசலில் கேட்கப்படும் கேள்வியைத்தான் எதிர்க்கிறேன். திரும்பிப் போனால் உனக்கு என்ன ஆபத்து என்று கேட்கிறது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. அந்த ஆபத்து இனம், மதம், தேசிய இனம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து என எதனால் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. நம் சட்டம் கேட்பது: எந்த மதம், எந்த நாடு, 2014 டிசம்பர் 31க்குள் வந்தாயா? முஸ்லிம்களே அல்ல என்று பாகிஸ்தான் 1974இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒதுக்கிய அகமதியாக்களுக்கு இதில் இடமில்லை. ரோஹிங்கியாக்களுக்கும் இல்லை. கடவுள் இல்லை என்று எழுதிவிட்டு டாக்காவில் அரிவாளுக்குத் தப்பி ஓடுகிறவருக்கும் இல்லை. பெரியாரைப் படிக்கிற நமக்கு அது உறைக்க வேண்டாமா?

என்னோடு படித்த ஒருத்தி ஈழ அகதி முகாமிலிருந்து வந்தவள். பரீட்சைக்கு முந்தின நாளானாலும், முகாமில் செக்கிங் என்றால் பஸ் ஏறிவிடுவாள். தமிழ்நாட்டில் பிறந்த இந்து அவள். ஆனால் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கான தீர்மானத்தில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறு என்பதோடு, மதம் கேட்காத ஓர் அகதிகள் சட்டம் வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மல்கான்கிரியில் இன்னும் இருக்கும் அந்தக் குடும்பங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடச் சொன்னேன். முதல் வரிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவதற்கு, “இப்போது எதற்குத் தோழர், கூட்டணி நேரத்தில்?” என்றார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.