ரிடையர் ஆனப்புறம்...

'ரிடையர் ஆனப்புறம் கதை எழுதறேன்' என்கிற ரகமா நீங்கள்? இங்கிலாந்துக்காரர் டெர்ரி ப்ராட்செட் கதையைக் கேளுங்கள். முதல் நாவல் 1971-ல் வந்தது. வேலையை விட்டாரா? மூச்! கொஞ்ச காலம் பத்திரிகை, அப்புறம் மின்வாரியத்தில் பி.ஆர்.ஓ. பகலில், அணுமின் நிலையம் பற்றி நிருபர்களுக்குச் சமாதானம். ராத்திரியில், ஆமை மேல் நாலு யானை, யானை மேல் தட்டை உலகம் என்று கதை! 1983-ல் அந்த 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசை ஆரம்பம். ஆனாலும் 1987-ல்தான் ராஜினாமா. அந்த வரிசை மட்டுமே மொத்தம் 41 நாவல்.

2007-ல் டாக்டர்கள், 'அல்ஸைமர்' என்றார்கள். ஞாபகத்தைக் கரையான் மாதிரி அரிக்கிற வியாதி. டைப் அடிக்க முடியாமல் போனதும், வாயால் சொல்லியே நாவல்களை முடித்தார். 2015-ல் மறைந்தார்.

வியாதி தெரிந்தபோது அவருக்கு வயசு 59. உங்க ஆபீஸில் ரிடையர்மென்ட் எத்தனை வயசில் சார்?