சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு ஊர் ஊராகத் திருவிழாக்களில் பொம்மை, பிளாஸ்டிக் சாமான் விற்கும் வியாபாரம். சொந்தமாக ஒரு பழைய வேன் இருக்கிறது. "மாசத்தில் இருபது நாள் வெளியூர்தான். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு ஆறாயிரம் ரூபாய் வாடகை, வேனிலேயே குடித்தனம் பண்ணலாம் என்கிறார். கையில் எட்டு மாதக் குழந்தை. மாமியார் 'நாடோடிப் பிழைப்பா?' என்று கோபித்துக்கொள்கிறார். இது நடக்கிற காரியமா அக்கா?" என்று கேட்கிறார்.

நடக்கும். எங்கள் திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது அதிசயமே இல்லை. கார்த்திகை தீபம் வந்துவிட்டால் ராட்டினம், வளையல் கடை, பாத்திரக் கடை, மாட்டுச் சந்தை என்று ஊரே நிரம்பிவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் வந்த வண்டியிலேயேதான் சமைத்து, தூங்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி விடுகிறார்கள். செங்கம் ரோட்டை ஒட்டி எங்கள் தெருக்கோடியில் ஒரு காலிமனை உண்டு. அங்கே வருஷா வருஷம் ஒரு ராட்டினக்காரக் குடும்பம் வந்து லாரியை நிறுத்தும். லாரியின் பின்பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டி அதையே வீடாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. ஆனால் சிக்கனத்தில் எனக்கே பாடம் சொல்லுவாள்.

அவள் சமையலறை முழுக்க ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். இரண்டு பானை, ஒரு சட்டி, தோசைக்கல், குக்கர் ஒன்று, ஆளுக்கொரு தட்டு, டம்ளர். "ஒரு புதுச் சாமான் உள்ள வந்தா ஒரு பழசு வெளியில போயிடணும்க்கா" என்பாள். துணிமணிகளைச் சாக்கில் தைத்த பைகளில் போட்டு லாரிப் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அரிசி டின்களை வரிசையாக வைத்து மேலே பலகை போட்டால் கட்டில். சென்னையில் அருண் பிரபு என்கிற இளைஞர் ஒரு ஆட்டோவின் மேலேயே 36 சதுர அடியில் படுக்கை, சமையலிடம், கழிவறை எல்லாம் அமைத்துக் காட்டினார். ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய்தான் செலவு. பத்திரிகைகளில் படமாக வந்ததும் எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். நான் மட்டும் நம்ம ராட்டினக்காரியை நினைத்துக்கொண்டேன்.

ஆக, இடம் போதாது என்பது பெரிய பிரச்னை இல்லை. நான் பயப்படுவது அடுப்புக்கும் காற்றுக்கும்தான். குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள்.

2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது நினைவிருக்கும். லக்னோவிலிருந்து க்ஷேத்திராடனம் வந்தவர்கள். விடிகாலையில் காபி, டீ போடப் பெட்டிக்குள்ளேயே சிலிண்டர் வைத்திருந்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். பாய் போட்டுப் படுக்கிற வண்டியில் தரைதான் நமக்குப் படுக்கை! ராட்டினக்காரி மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியில்தான் சமைப்பாள். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை நிமிர்த்தியே வைப்பாள். சின்ன ஐந்து கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை காட்டினால் போதும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அதுதான் தோது.

இன்னொன்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.ஸி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது. விலை உயர்ந்த வண்டியிலேயே இந்த கதி. குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாலும் இதே விஷம்தான் வரும். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து, கொசுவலை கட்டிக்கொண்டு படுங்கள். பகலில் 'அஞ்சு நிமிஷம்தானே' என்று குழந்தையை மட்டும் பூட்டின வண்டியில் விட்டுப் போகாதீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடின வண்டி சீக்கிரமே அடுப்பாகிவிடும். நிழல் பார்த்து நிறுத்தி, கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினால் சூடு நன்றாகவே குறையும்.

கேஸ் மிச்சம் பிடிக்க அவள் செய்கிற ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அரிசியை ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் இறக்கி, மூடியைத் திறக்காமல் பழைய கம்பளியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துவிடுவாள். முக்கால் மணியில் சோறு தானாக வெந்திருக்கும். வீட்டில் இருக்கிற நாமும் செய்யலாம், நான் செய்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லாத குறையைப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், அவல் இவை தீர்த்துவிடும். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழையது. கைக்குழந்தைக்கு மட்டும் மிச்சம் மீதி கூடாது. வேளாவேளைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம். புட்டியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவ வழியில்லாத இடத்தில் புட்டியே வேண்டாம். கிண்ணமும் ஸ்பூனும் போதும், அல்லது பாலாடை. தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். குடிக்க ஒரு கேன், கழுவ ஒரு கேன், இரண்டையும் கலக்கவே கூடாது. குடிநீரைக் காய்ச்சி ஆறவைப்பதற்கு ஆகிற கேஸ் செலவு, குழந்தைக்குப் பேதி வந்தால் ஆகிற செலவில் கால்வாசிகூட இருக்காது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இப்படி இருக்கிற பெண்களுக்கு நோயாக வருவது பெரும்பாலும் ஒதுங்க இடம் இல்லாததால்தான். ராத்திரி எங்கே போவது என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று கடைசியில் ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள். ஆகவே வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை வியாபாரத்தை மட்டும் பார்த்து உங்கள் கணவர் தீர்மானிக்கக் கூடாது. கழிப்பறை எங்கே என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் சாவியை அணைக்கவேண்டும். இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வசதி உண்டு. எல்லா ஊரிலும் அப்படி இருக்காது. மூடிபோட்ட வாளி ஒன்று ராத்திரி அவசரத்துக்கு வண்டியிலேயே இருக்கட்டும்.

வாடகை ஆறாயிரமும் மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். டயர், ரிப்பேர், இன்ஷூரன்ஸ், தண்ணீர் கேன், கட்டணக் கழிப்பறை எல்லாம் போகப் பாதி நின்றால் பாக்கியம். வேனுக்குள் சீட்டைக் கழற்றி, கூரையை உயர்த்தி மாற்றப் போகிறீர்களானால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது.

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்! அந்த வீட்டு முகவரிதான் இனி உங்களுக்கு ஆதாரம். ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, பாங்குப் புத்தகம் எல்லாம் அந்த விலாசத்திலேயே இருக்கட்டும். ரேஷன் அரிசி வாங்க ஊருக்குத் திரும்பவேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்துத் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். தடுப்பூசியும் அப்படித்தான், எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். உங்கள் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வருகிறது. அன்றைக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்று இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையை மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, பணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வயசு வரும்போதுதான் மனசுக்குக் கஷ்டம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயசு வரை டி.ஸி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. இருந்தாலும் மாதத்துக்கு ஒரு பள்ளி என்றால் பிள்ளைக்கு எதுதான் மனசில் நிற்கும்? போன தீபத்துக்கு வந்தபோது ராட்டினக்காரியோடு பெரிய பெண் இல்லை. "விழுப்புரத்துல எங்கம்மாகிட்ட விட்டுட்டேன்க்கா, ஒண்ணாவது படிக்கிறா" என்றாள். அரிசி டின் கட்டிலில் அந்தப் பெண் படுக்கிற பக்கத்தில் இப்போது ராட்டினத்துப் பல்புப் பெட்டியை வைத்திருக்கிறாள்.