முதுகுக்குப் பின்னால் ஓர் ஓவியம்

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் பலரும் முதலில் தேடுவது மோனா லிசாவைத்தான். லியனார்டோ டாவின்சி தீட்டிய அவ்வோவியத்தின் உயரம் 77 சென்டிமீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர். 1911-ல் அது களவு போனபோது, வெறுஞ்சுவரைக் காணவும் மக்கள் திரண்டனர்! புகழின் வலிமைதான் என்னே!

அங்கு கூடுவோரின் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவரில், மற்றோர் ஓவியம் உள்ளது. வெனிஸ் நகர மடம் ஒன்றின் உணவறைக்காக வெரோனேசே 1563-ல் தீட்டி முடித்த 'கானாவூர்த் திருமணம்' அது. ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். லூவரிலேயே மிகப் பெரிய ஓவியம். நடுவில் இயேசுவும் அன்னை மரியாளும், மணமக்களோ இடக்கோடியில்! இசைக்கலைஞர் வாசிக்கின்றனர். ஒருவர் கிண்ணத்திலுள்ள இரசத்தை உற்று நோக்குகிறார். விருந்தினர் பலரோ தம் பேச்சில் மூழ்கியுள்ளனர். அருகிலேயே நிகழ்ந்த புதுமையை அவர்கள் கவனிக்கவில்லை. அவ்வோவியத்தையே கவனியாமல் பலர் வெளியேறுகின்றனர்.

மோனா லிசா சிறந்ததன்று என்று நாம் கூறவில்லை. பிறர் புகழ்ந்ததை மட்டும் பார்த்துத் திரும்புவது கலையைக் காண்பதாகாது என்பதே நம் கருத்து. அடுத்த பள்ளிச் சுற்றுலாவில் எல்லாக் கூடங்களையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டுமா? பெயர்ப்பலகையைப் படிக்குமுன் ஒரே ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நிற்போம். ஒளி எங்கிருந்து விழுகிறது? யார் யாரைப் பார்க்கிறார்கள்? கோடியில் இருப்பவர் யார்? இவற்றை நம் கண்களையே கேட்போம். பிறகு, தோழியரே, எதிர்ச்சுவரையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்!