இரவுக்கும் கூலி உண்டு

கணினித் தொழில் வெயில் படாத தொழில் என்றும், மென்பொருள் பொறியாளராகிவிட்டால் பிள்ளைக்குக் குறையொன்றுமில்லை என்றும் மலேசியத் தமிழ்ப் பெற்றோர் பலர் கூறுவர். ஆசிரியருட் சிலரும் அதனையே வழிமொழிவர். வெயில் படாது என்பது மெய்யே. ஆயின், கூலியில்லா இரவுகளும் அத்தொழிலில் உண்டென்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பன்னாட்டுப் பெருநிறுவனத்தில், ஓரிடத்தில் இரவாகும்போது பகலாயுள்ள வேறோர் அலுவலகத்தார் பொறுப்பேற்க இயலும். சிறு நிறுவனத்துக்கோ வாடிக்கையாளர் சிலரே. இடைப்பட்ட நடுத்தர நிறுவனந்தான் பெருஞ்சுமையைச் சில ஆட்களைக் கொண்டே தாங்குகிறது. பணம் செலுத்தும் செயலி ஒன்றைப் பேணும் குழுவில் நால்வர் இருப்பின், முறைவைத்து ஒவ்வொருவரும் ஆண்டில் 13 வாரங்கள் இரவுக் காவல் இருத்தல் வேண்டும். நள்ளிரவில் பழுது நேர்ந்தால் கைப்பேசி அலறும். உடனே எழுந்து, எழுதியவரே விலகிப்போய்விட்ட பழைய நிரலில் பிழை தேட வேண்டும். விடிந்ததும் வழக்கம்போல் காலைக் கூட்டத்தில் நின்று, நேற்றுச் செய்ததையும் இன்று செய்யவிருப்பதையும் ஒப்பிக்க வேண்டும். தோட்டத்துப் பெரட்டு குளிரூட்டிய அறைக்குள் தொடர்கிறது!

சட்டம் காக்காதோ எனின், முழுமையாகக் காக்கவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. சட்டத்தை எல்லா ஊழியருக்கும் விரித்தது. ஆனால், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊதியம் பெறுவோர்க்கு மிகைநேர ஊதிய உரிமையை அது தரவில்லை. அனுபவமுள்ள பொறியாளர் பலர் அவ்வரம்பைத் தாண்டியவரே.

உயர்ந்த சம்பளமே ஈடு அன்றோ என்பாரும் உளர். ஈடெனில், எத்தனை இரவுக்கு ஈடு என்று ஒப்பந்தத்தில் எழுதத் தயங்குவானேன்? அளவு குறிக்கப்படாத வேலைக்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது. செலவைத் தாங்க இயலாது என்னும் நிறுவனத்தாரின் வாதமும் நில்லாது. இரவு இலவசமாகக் கிடைக்கும்வரை பழுதின் வேரைத் தேடுவார் இல்லை. தூங்குபவரை எழுப்பி ஒட்டுப்போட்டே காலம் தள்ளுவர். ஒவ்வோர் அழைப்பும் கணக்கேட்டில் செலவாகப் பதியும் நாளில்தான் அதனை நிலையாகச் சரிசெய்ய நேரம் ஒதுக்குவர். ஆகவே, இரவுக்கூலி பொறியாளருக்கு மட்டுமன்று, மென்பொருளுக்கும் நன்மையே.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலையை ஒழிப்பதும் அவர்தம் கோரிக்கையாய் இருந்தது. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதனைக் காலனி அரசு நாடு கடத்திற்று. அத்துணை இடரிலும் அவர்கள் வேலைக்கு எல்லை கேட்டனர். பட்டம் பெற்ற வழித்தோன்றல்கள் கேட்க நாணுவதேன்? ‘பொறியாளர்’ என்னும் பட்டப்பெயர், தாமும் தொழிலாளியே என்னும் உண்மையை மறைத்துவிடலாகாது.

மாணவரைக் கணினித் துறைக்கு ஆற்றுப்படுத்தும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், இரவுக் காவலை எத்தனை பேர் பகிர்கின்றனர், அதற்கு ஊதியமோ மாற்று ஓய்வோ உண்டா என்னும் இரு கேள்விகளைக் கேட்கும் துணிவு மாணவர்க்கு வேண்டும். சம்பளத்தை மட்டும் கேட்டறிந்து திரும்புபவர் ஒப்பந்தத்தில் பாதியையே படித்தவராவர்.