துவக்குக் கட்டையைத் தேய்க்காதீர்கள்

பழைய இராணுவத் துவக்கைப் புதுசாக்குற வீடியோக்கள் எங்கள் அறைகளில் பரீட்சைக் காலத்தில்தான் அதிகம் ஓடும். ஏன் என்று கேட்காதீர்கள். கறுத்துப்போய், பிசுக்கேறி, நூறு இடத்தில் கீறல் விழுந்த ஒரு மரக்கட்டை. அதைக் கழற்றி, சாண்ட் பேப்பர் போட்டு, உள்ளிருந்து வெளிர் மரம் வரும் வரை விடாமல் தேய்த்து, சாயம் பூசி வார்னிஷ் அடிச்சா கல்யாண வீட்டுக் கட்டில் மாதிரி மினுங்குது. பார்க்கச் சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாண்ட் பேப்பரோடு எங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கு. அது துவக்குப் பிரியர்களின் பிரச்சினை மட்டுமல்ல, மலையகத்தின் பிரச்சினையும்தான்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். அந்த வீடியோக்களில் அடிக்கடி வருவது லீ-என்ஃபீல்ட், நம்ம ஊர்ப் பெரியவர்கள் 'த்ரீ-நாட்-த்ரீ' என்று சொல்வது. பிரித்தானிய சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் கூடவே போன துவக்கு. உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது என்றால் எவ்வளவு காலம் உழைத்திருக்கிறது பாருங்கள். கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். போர்க்காலத்தில் வால்நட் தட்டுப்பட்டபோது பீச் மரத்திலும் செய்தார்கள். ஆக, மரம் எதுவென்று பார்த்தாலே காலம் பற்றி ஒரு துப்புக் கிடைக்கும். முதலாம் உலகப் போரின் நடுப்பகுதிக்கு முந்திய துவக்குகளில், தோளில் முட்டும் பகுதியின் வலப்பக்கம் ஒரு பித்தளை வட்டு பதித்திருப்பார்கள். எந்தப் படைப்பிரிவு, எத்தனையாம் இலக்கத் துவக்கு என்பதை அதில்தான் வெட்டுவார்கள். பரிசோதகர்களின் முத்திரைகள் மரத்திலேயே குத்தப்பட்டிருக்கும். பின்தகட்டில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் எண்ணெய்ப் புட்டியும் குழலுக்குள் இழுத்துத் துடைக்கிற கயிறும் வைக்கும் பொந்து.

இந்த முத்திரைகள் எல்லாம் மரத்தின் மேல்தோலில் இருப்பவை. சாண்ட் பேப்பர் முதலில் தின்பது இதைத்தான். அப்புறம் என்ன செய்தாலும் திரும்பி வராது. அதனால்தான் விஷயம் தெரிந்த சேகரிப்பாளர்கள் தேய்த்த கட்டையைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் செய்யும் வேலை ரொம்பச் சாதாரணமானது. டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுப்பார்கள். நசுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டுவார்கள். ஆவி ஏறினால் நசுங்கிய நார் தானாக எழும்பும். பிறகு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால், மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. நாள்கணக்கில் ஆகும். (துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.) வெட்டுக்காயம் போன்ற ஆழமான கீறல்கள் அப்படியே இருக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன?

எங்களில் யாரும் துவக்கு வைத்திருக்கவில்லை, வைத்திருக்கவும் முடியாது. 1916 முதல் இந்த நாட்டில் அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இருக்கு, அனுமதிப்பத்திரம் வேண்டும். லயத்துக்குள் துவக்கு என்பது கதையில் வருகிற பொருள்தான். பங்களாவில் இருந்தது. துரை கையில் இருந்தது. அது பேச்சுக்குச் சொல்வதும் இல்லை. 1900-இல் 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்' என்று ஒரு தொண்டர் படையே உண்டாக்கினார்கள். கண்டியில் தலைமையகம். உறுப்பினர்கள் ஐரோப்பியத் தோட்டத்துரைமார். காலையில் பெரட்டில் ஆள் எண்ணுகிறவரும் லீவு நாளில் துவக்கோடு அணிவகுக்கிறவரும் ஒரே ஆள். 1914-இல் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, அடுத்த வருஷம் கலிப்பொலி வரை போனது. 1915 கலவரத்தில் இராணுவச் சட்டம் வந்தபோது ஐரோப்பியத் தொண்டர்கள் ஆயுதத்தோடு இறக்கப்பட்டார்கள். அப்போது நடந்ததைச் சட்டசபையில் கேள்வி கேட்டவர் பொன்னம்பலம் இராமநாதன். 1949-இல் படை கலைக்கப்பட்டது. நம்ம பாட்டன்மார் குடியுரிமை இழந்து நின்ற காலமும் அதுதான்.

அந்தப் படையின் கதையைத் தேடினால் கிடைக்கும், படமும் கிடைக்கும். நுவரெலியாவில் வேட்டைக்கார வெள்ளைக்காரர்களுக்கும் குறைவில்லை. 1848 முதல் சில வருஷம் அங்கே இருந்த சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845-இல் மின்னல் தாக்கிச் செத்தார். அவருடைய கல்லறையை இன்றைக்கும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். பழைய பங்களாக்கள் விடுதியாகும்போது என்ன நடக்கிறது? தரை மெழுகு பூசப்படும், நாற்காலி பாலிஷ் ஆகும், சுவரில் மான்கொம்பு, அதன் கீழே ஒரு துவக்கு, அதன் கட்டையும் கண்ணாடி மாதிரி. அதைத்தான் 'பாரம்பரியம்' என்கிறார்கள். துவக்கின் பிடிப்பக்கம் இருந்தவரின் பெயர் பலகையில் இருக்கும். குழல் பக்கம் நின்றவரின் பெயர் இருக்காது.

குழல் பக்கத்துப் பெயர்கள் நமக்குத் தெரியும். 1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம். வேலைநிறுத்தக் காலத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே, தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டபோது பொலிஸ் சூட்டில் சிவனு லெட்சுமணன் விழுந்தார். ஜனவரி 10-ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூர்வது அண்மைக்காலத்தில் வந்த பழக்கம். எண்பது வருஷம் எடுத்திருக்கிறது, கவனியுங்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு பக்கம் சொன்னது: அப்படிப்பட்ட துவக்கை ஏன் பாதுகாக்கணும்? உருக்கிப் போடு, கட்டையை அடுப்பில் வை. இந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அடுப்பில் வைத்தாலும் சாண்ட் பேப்பர் போட்டாலும் கடைசியில் ஒரே வேலைதான் நடக்குது. இரண்டிலும் அந்த வட்டில் வெட்டிய எழுத்து போய்விடும். 'எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர்' என்று நாளைக்குக் கேட்கிறவருக்குக் காட்ட எதுவும் இருக்காது.

இன்னொரு பக்கம் சொன்னது: அழுக்கைக் கும்பிடச் சொல்றீங்களா? இல்லை. மலைநாட்டு ஈரத்தில் சும்மா விட்ட மரம் பூஞ்சணம் பிடித்துப் போகும், உளுக்கும். எண்ணெய் பூசத்தான் வேண்டும். தேய்ப்பது வேறு, காப்பது வேறு. வியர்வையால் கறுத்த இடம், கன்னம் பட்டு வழவழப்பான இடம், யாரோ கத்தியால் போட்ட கோடு, இவற்றை அழுக்குக் கணக்கில் எழுத முடியாது.

உண்மையில் இந்த வழவழப்பு எங்களுக்குப் பழக்கமானது. எந்த லயத்திலும் ஒரு பழைய கவ்வாத்துக் கத்தி கிடக்கும். அதன் பிடியைப் பாருங்கள். வார்னிஷ் கிடையாது, எண்ணெய் கிடையாது, உள்ளங்கை பட்டுப் பட்டு வந்த மினுக்கம். விரல் பதிந்த இடத்தில் லேசான பள்ளம்கூட இருக்கும். அதைப் புதுப்பித்து வீடியோ போட இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, நல்லவேளை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் பாவித்த சாமான்கள் அங்கே சேர்க்கப்பட்டிருக்கு. போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹந்தானையில் தேயிலை இயந்திரங்களுக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கு, அதையும் பாருங்கள். எதற்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்பது தானாகவே தெரியும்.

எங்கள் கோரிக்கை பெரிசு இல்லை. பங்களாச் சுவரிலோ பழைய பொருள் கடையிலோ இப்படி ஒரு துவக்கு உங்கள் கண்ணில் பட்டால், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு நாலு பக்கமும் படம் எடுங்கள். பித்தளை வட்டு இருந்தால் அதில் உள்ள எழுத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். அந்தத் தோட்டத்து வயசானவர்களிடம் 'துரை துவக்கு வைச்சிருந்தாரா, எப்ப வெளிய எடுத்தாரு' என்று கேளுங்கள். ஒரு கதையாவது வரும். ஆசாரி சாண்ட் பேப்பரை எடுக்குறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க.